ஒரு துளி இரத்தமும் ஒரு நுண்கம்பியும்

உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயிலும் மாணவர் ஒருவர் இப்பகுதிக்கு எழுதிய கடிதத்திலே கூரிய வினாவொன்றை விடுத்திருக்கின்றார். தலைமயிரினும் ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய கம்பியொன்று, ஒரு துளி இரத்தத்தைக் கொண்டே நோயின் அடையாளத்தைச் சில நிமிடங்களில் அறிந்துவிடுகின்றதென அவர் எங்கோ வாசித்தாராம். "அவ்வாறாயின், எங்கள் வைத்தியசாலைகளில் இன்னும் ஊசி நிறைய இரத்தம் எடுத்து, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்புவது எதற்காக?" என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானதே. அந்தக் கம்பி பொய்க்கதையன்று. அதைப் பற்றிய ஆய்வுரைகள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வெளிவந்துகொண்டிருக்கின்றன. அது வைத்தியசாலைக் கட்டிலருகே வந்து சேராமைக்குக் காரணம், அதற்கு உணர்வு போதாது என்பதன்று. அது சொல்லும் விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இடர்ப்பாடு.

முதலில் அன்டிஜன் என்பது யாதெனக் காண்போம். கொவிட் காலத்தில் இச்சொல் சிறுவர் வாயிலும் புழங்கிற்று. நமது உடலுக்குட் புகும் கிருமியின் மேலுறையிலோ, அது வெளிவிடும் பொருளிலோ உள்ள புரதங்களை உடல் அந்நியமானவையென அடையாளங்கண்டு, அவற்றைப் பற்றிக்கொள்ளத்தக்க வேறு புரதங்களை ஆக்குகின்றது. இவ்வாறு ஆக்கப்படுபவை பிறபொருளெதிரிகள். ஆக்கத் தூண்டியது அன்டிஜன். புற்றுநோய் முதலியவற்றில் உடலின் சொந்தக் கலங்களே மிகுதியாக வெளிவிடும் சில புரதங்களுக்கும் இப்பெயர் வழங்குகின்றது. பூட்டுக்குத் திறப்புப் பொருந்துவதுபோலக் குறித்த அன்டிஜனுக்குக் குறித்த பிறபொருளெதிரி பொருந்தும். இரத்தத்தில் ஓர் அன்டிஜன் இருக்கின்றதா என்று அறிய விரும்புவோர், அதற்குரிய பிறபொருளெதிரியைத் தூண்டிலாக இட்டுக் காத்திருக்கின்றனர்.

நம் நாட்டுக் குடும்பங்களுக்கு நன்கு பழக்கமான உதாரணம் டெங்கு. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டதாகப் பதிவாகியது. காய்ச்சலின் முதற் சில நாட்களில் நோயாளியின் இரத்தத்தில் என்.எஸ்.1 என்னும் அன்டிஜன் தோன்றும். அதைக் கண்டறியும் பட்டிகள் ஆய்வுகூடங்களில் உண்டு. ஆயினும் முன்னொருமுறை டெங்கு கண்டவர்க்கு மறுபடியும் வருமிடத்து, அவர் உடலில் ஏற்கெனவே உள்ள பிறபொருளெதிரிகள் இவ்வன்டிஜனைப் பற்றி மறைத்துவிடுதல் உண்டு. அப்போது பட்டி 'இல்லை' என்று காட்டலாம். இரண்டாம் முறை வரும் டெங்குதான் பெரும்பாலும் ஆபத்து மிக்கது என்பதை எண்ணிப் பாருங்கள். எனவேதான் பட்டி 'இல்லை' என்றபின்னும் வைத்தியர் குருதிச் சிறுதட்டுக்களை எண்ணுவதையும் நோயாளியை அவதானிப்பதையும் கைவிடுவதில்லை. பட்டியின் ஒரு சொல்லைக் கேட்டு வீட்டிலிருந்துவிடும் பெற்றோர் இதனை மனங்கொள்வாராக.

'இல்லை' என்னும் தவறு மட்டுமா? 'உண்டு' என்னும் தவறும் சிறிதன்று. ஆயிரம் பேரைப் பரிசோதிக்கிறோம்; அவர்களுள் உண்மையில் நோயுற்றவர் பத்துப் பேர் எனக் கொள்வோம். நமது கருவி அப்பத்துப் பேரையும் ஒருவர் தவறாமற் கண்டுபிடிக்கின்றது. நோயற்றவர்களில் நூற்றுக்கு ஐவரை மட்டுமே நோயாளியெனத் தவறாகச் சொல்கின்றது. நல்ல கருவி என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனாற் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நோயற்றவர் 990 பேர். அவர்களில் நூற்றுக்கு ஐந்து என்றால் ஏறக்குறைய 50 பேர். ஆகக் கருவி சுட்டிக்காட்டிய 60 பேரில் உண்மை நோயாளி பத்துப் பேரே. ஏனைய 50 குடும்பங்கள் வீணே கலங்கியிருக்கும். கணிதத்தை வெறுக்கும் மாணவர்க்கு நான் அடிக்கடி இடும் கணக்கு இது.

இனிக் கம்பிக்கு வருவோம். 1962இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் லீலன்ட் கிளாக் என்பாரும் சாம்ப் லையன்ஸ் என்பாரும், நொதியம் பூசிய மின்வாய் கொண்டு குளுக்கோசை அளக்கும் வழியை வெளியிட்டனர். இன்று நீரிழிவுக்காரர் விரல் நுனியைக் குத்திப் பார்க்கும் கருவிக்கு அதுவே மூதாதை. 1970இல் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த பீற் பேர்க்வெல்ட் வேறொரு துணிகரமான காரியஞ் செய்தார். திரான்சிற்றரில் மின்னோட்டத்தைத் திறப்பதும் அடைப்பதும் 'வாயில்' எனப்படும் உலோகப் பகுதியின் வேலை. அந்த உலோகத்தை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் நேரே திரவத்தைப் படவிட்டார். திரவத்திலுள்ள அயன்களின் மின்னேற்றமே வாயிலாக நின்று மின்னோட்டத்தை ஆண்டது.

தோட்டத்தில் இறைப்பு நடக்கும்போது வாய்க்காலைப் பார்த்திருப்பீர்கள். அகன்ற வாய்க்காலில் ஒரு கல்லைப் போட்டால் நீர் சுற்றிக்கொண்டு போய்விடும். விரலகலமுள்ள சிறு வாய்க்காலில் அதே கல்லைப் போட்டால் நீரோட்டம் சட்டென மாறும். கம்பியை நனோமீற்றர் அளவுக்கு ஏன் மெலிவிக்கின்றனர் என்பதற்கு இதுவே விளக்கம். நனோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. இருபது நனோமீற்றர் விட்டமுள்ள சிலிக்கன் கம்பியின் மேற்பரப்பில் ஏற்றமுள்ள புரதமொன்று வந்து அமருமாயின், கம்பியின் உள்ளே ஓடும் மின்னோட்டம் முழுவதுமே அதனை உணரும். அக்காலத்தில் ஹாவாட் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய சார்ல்ஸ் லீபரும் குழுவினரும் 2001இல் இத்தகைய கம்பிகளால் புரதத்தை உணர்ந்து காட்டினர். 2004இல் இன்புளுவென்சா வைரசு ஒவ்வொன்றாக வந்து கம்பியிற் பற்றுவதையும் விடுவதையும் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கமாகவே பதிவு செய்தனர். ஒரேயொரு வைரசை மின்னால் அறிதல் வியப்புக்குரிய காரியமே. பத்திரிகைகள் அதைக் கொண்டாடியதிற் பிழையில்லை.

ஆனால் இவை பெரும்பாலும் உப்புக் குறைந்த தூய கரைசல்களில் நிகழ்ந்தவை. நமது இரத்தமோ உப்புநீர். இங்கேதான் முதற் பெருந்தடை எழுகின்றது. இதனைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

இரைச்சல் மிக்க சந்தையிலே ஒருவர் கூப்பிட்டால் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டுமே கேட்கும். பத்து முழம் அப்பால் நிற்பவருக்குக் கேளாது. உப்புக் கரைசலில் ஏற்றமுள்ள புரதத்தின் நிலையும் அவ்வாறே. மறையேற்றமுள்ள புரதத்தைச் சோடியம் முதலிய நேரேற்ற அயன்கள் உடனே சூழ்ந்து மூடிக்கொள்ளும். இதனால் அதன் செல்வாக்கு மிகக் குறுகிய தூரத்துக்குள் தேய்ந்துவிடும். 1923இல் டெபாயும் ஹூக்கலும் இதற்குரிய கணிதத்தைத் தந்தனர். ஏற்றத்தின் செல்வாக்கு ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகக் குறையும் தூரத்தை டெபாய் நீளம் என்பர். இரத்தத்தில் அந்நீளம் ஒரு நனோமீற்றரிலுங் குறைவு, ஏறக்குறைய 0.8 நனோமீற்றர். கம்பியின்மேல் நாம் தூண்டிலாக நட்டிருக்கும் பிறபொருளெதிரியின் உயரமோ பத்து நனோமீற்றர் அளவு. அதன் உச்சியில் அன்டிஜன் வந்து சிக்கினால், அதன் ஏற்றத்தில் இலட்சத்தில் ஒரு பங்குகூடக் கம்பியைச் சென்றடையாது. மீன் தூண்டிலிற் சிக்கிவிட்டது. ஆனால் தக்கை அசையவில்லை.

இரத்தத்தை நீரால் நூறு மடங்கு ஐதாக்கினால் டெபாய் நீளம் பத்து மடங்கு கூடும். அது வர்க்கமூலத்தோடு மாறுவதால் அவ்வாறு நிகழ்கின்றது. ஆனால் நாம் தேடும் அன்டிஜனும் நூறு மடங்கு குறைந்துவிடுமே! மேலும், உப்புக் குறைந்த நீரில் அன்டிஜனும் பிறபொருளெதிரியும் பற்றும் வன்மையும் மாறக்கூடும். ஆதலின் ஐதாக்குதல் வெறுங் கைமருந்தாகவே நின்றது.

யேல் பல்கலைக்கழகத்தில், காலஞ்சென்ற மார்க் ரீட் முதலானோர் 2010இல் வெளியிட்ட வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. அவர்கள் கம்பியைத் திருத்த முயலவில்லை. கம்பியிடம் வரும் பொருளைத் திருத்தினர். சோற்றுக்கு உலையேற்றும் தாய்மார் அரிசியைக் கழுவி அரித்துக் கல்லை நீக்கிய பின்னரே பானையில் இடுவர் அல்லவா? அவ்வாறே, இரத்தம் முதலில் ஒரு சிற்றறையினுட் செலுத்தப்பட்டது. அங்குள்ள பிறபொருளெதிரிகள் தேடிய அன்டிஜனைப் பற்றிக்கொண்டன. மற்றெல்லாம் கழுவி வெளியேற்றப்பட்டன. உப்புக் குறைந்த தூய கரைசலால் அறை நிரப்பப்பட்டது. பின்னர் ஊதாக்கடந்த ஒளியைப் பாய்ச்சினர். பிறபொருளெதிரிகளை அறையின் தரையோடு பிணைத்திருந்த இரசாயனப் பிணைப்பு அவ்வொளியால் அறுபடத்தக்கதாக முன்னரே ஆக்கப்பட்டிருந்தது. அவ்வாறு விடுபட்டவை தூய கரைசலுடன் கம்பியை நோக்கிச் சென்றன. பத்து மைக்கிரோலீற்றர் இரத்தத்திலிருந்து, புற்றுநோயோடு தொடர்புடைய இரு அன்டிஜன்களை இருபது நிமிடத்துக்குள் இம்முறையால் அளந்தனர். இதில் உள்ள ஞானம் வெறும் பெண்டிர் அறிவு என்று சிலர் நகைக்கக்கூடும். அடுக்களையில் ஆண்டாண்டாகப் பயின்ற அறிவு ஆய்வுகூடத்துக்குப் போதும் என்பேன்.

தூண்டிலைக் குட்டையாக்குவது மற்றொரு வழி. பிறபொருளெதிரி ஆங்கில 'வை' எழுத்தைப் போன்ற வடிவினது. அதன் காலை வெட்டிவிட்டுக் கையை மட்டும் கம்பியில் ஒட்டலாம். இவ்விடத்தில் ஒட்டகம் கை கொடுத்தது என்றால் நம்புவீர்களா? ஒட்டகத்தின் இரத்தத்தில் வழக்கத்துக்கு மாறான எளிய பிறபொருளெதிரிகள் இருப்பதைப் பெல்ஜிய விஞ்ஞானிகள் 1993இல் வெளியிட்டனர். அவற்றின் பற்றும் பகுதியைத் தனியே பிரித்தெடுத்தால் அதன் நீளம் நான்கு நனோமீற்றரளவே. நிறை சாதாரண பிறபொருளெதிரியின் பத்திலொரு பங்கே. இவற்றைத் தவிர, டீ.என்.ஏ. இழையால் ஆக்கிய தூண்டில்களும் உள. அன்டிஜனைப் பற்றும்போது அவ்விழை தானே மடங்கும். மடங்குகையில் இழையின் சொந்த ஏற்றமே கம்பியை நெருங்கும் அல்லது விலகும். மீனின் எடையை நம்பாது தூண்டிற்கோலின் வளைவை நம்புவது போன்றது இது. 2015இல் லீபர் குழுவினர் கம்பியின்மேல் ஒருவகைப் பல்பகுதியப் படையைப் பூசி, உப்பு மிக்க கரைசலிலும் அன்டிஜனின் குறியைப் பெற்றனர்.

இரண்டாந் தடை வேடதாரிகள். ஆண்களின் புரொஸ்ரேற் சுரப்பி நோயை ஆராய வைத்தியர் தேடும் பி.எஸ்.ஏ. என்னும் அன்டிஜனை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் நான்கு நனோகிராமுக்கு மேற்பட்டால் மேலும் ஆராய்வது நெடுங்கால வழக்கம். அதே மில்லிலீற்றரில் அல்புமின் என்னும் சாதாரண புரதம் ஏறக்குறைய 40 மில்லிகிராம் உண்டு. அதாவது ஒரு கோடி மடங்கு. ஒரு கோடி அந்நியர் நெருக்கும் வாசலில் ஒருவரை அடையாளங் காண்பதென்றால் எளிதா? அல்புமினில் மிகச் சிறு பகுதி கம்பியில் வெறுமனே ஒட்டிக்கொண்டாலும் கம்பி 'உண்டு' என்று கூவிவிடும். கம்பியோ 'ஏற்றம் ஒன்று வந்தது' என்று மட்டுமே அறியும். வந்தவர் யாரென அதற்குத் தெரியாது.

லீபர் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் நல்ல பாடம். அவர்கள் ஒரே தகட்டில் நேர்வகைக் கம்பியையும் மறைவகைக் கம்பியையும் அருகருகே வைத்தனர். மறையேற்றமுள்ள அன்டிஜன் வந்து பற்றினால் நேர்வகைக் கம்பியில் மின்னோட்டம் கூடும். மறைவகைக் கம்பியில் குறையும். வெளியிலிருந்து வரும் மின்சலனமோ, ஒரு கம்பியின் குறி மறுகம்பியிற் கசிவதோ இவ்வாறு எதிரெதிராக அசைக்காது. எனவே இரு சாட்சிகளும் எதிரெதிராக அசைந்தாற்றான் அவர்கள் விடையை ஏற்றனர். ஆயினும் இவ்வேற்பாடு வேடதாரியை முற்றாகப் பிடித்துவிடாது, அல்புமினும் மறையேற்றமுடையதே. அதற்கு மூன்றாவதொரு கம்பி வேண்டும். தூண்டிலே இல்லாத, ஆனால் மற்றெல்லாவகையிலும் ஒத்த கம்பி அது. அதுவும் அசைந்தால் வந்தது வேடதாரி. அந்த வெறுங்கம்பியை வைக்காத ஆய்வுரையை நான் அரை நம்பிக்கையோடுதான் வாசிப்பேன்.

வெறுங்கம்பிக்கு இன்னொரு பயனும் உண்டு. திரவத்தின் அமிலத்தன்மை சிறிது மாறினாலும் கம்பி அசையும். பீ.எச். ஓர் அலகு மாறினால் 59 மில்லிவோற்று வரை மாறும் என்பது 25 பாகை வெப்பநிலைக்குரிய எல்லை. ஓர் அலகின் இருபதிலொரு பங்கு மாறினாலே மூன்று மில்லிவோற்று. அன்டிஜன் தரும் குறியும் பலவேளை சில மில்லிவோற்றே. வெப்பநிலை மாற்றமும் இப்படியே ஏமாற்றும். மேலும் கம்பியைப் போர்த்தியுள்ள சிலிக்கன் ஒட்சைட்டுப் படைக்குள் நீரும் அயன்களும் மெல்லப் புகுவதால், ஒன்றும் நிகழாதபோதும் மின்னோட்டம் நகர்ந்துகொண்டே போகும். அலுமினிய ஒட்சைட்டு, கபினிய ஒட்சைட்டு முதலியவற்றைப் பூசினால் இந்நகர்வு குறைகின்றது. எஞ்சியதை வெறுங்கம்பியின் அளவீட்டைக் கழித்து நீக்குவர்.

மூன்றாவது தடை மாணவர் சுவைத்தற்குரியது; ஏனெனில் இங்கே கம்பியின் சிறுமையே அதற்குப் பகையாகின்றது. மிக நுண்ணிய செறிவைப் பேசும்போது விஞ்ஞானிகள் பெம்ற்றோமோலார் என்னும் அலகைக் கூறுவர். ஒரு பெம்ற்றோமோலார் என்றால் ஒரு மைக்கிரோலீற்றரில் ஏறக்குறைய 600 மூலக்கூறுகள். அவகாதரோ எண்ணை அறிந்தவர் தாமே கணித்துப் பார்க்கலாம். அந்த 600இல் ஒன்று, திரவத்தில் அங்குமிங்கும் அலைந்து, இருபது நனோமீற்றர்க் கம்பியைத் தற்செயலாக முட்ட வேண்டும். இதற்கு எவ்வளவு நேரஞ் செல்லும்? அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஷீஹன், விற்மன் ஆகிய இருவர் 2005இல் இதனைக் கணித்தனர். மூலக்கூறுகளைக் கம்பியை நோக்கிச் செலுத்தும் உபாயம் இல்லையேல், வசதியான நேரத்துக்குள் தனிக்கம்பியொன்று உணரக்கூடியது பிக்கோமோலார் அளவே என்றனர். அது பெம்ற்றோமோலாரினும் ஆயிரம் மடங்கு பெரிது. அதற்குக் கீழே இறங்கினால் நாட்கணக்கிற் காத்திருக்கவும் நேரிடும். காய்ச்சற் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு அந்தக் கருவியால் என்ன பயன்?

காத்திருந்து பெற்றாலும் எண்ணிக்கை சிறிதாயின் விடை ஆடும். சராசரியாக 9 மூலக்கூறு பற்றவேண்டிய இடத்தில் 6ம் பற்றலாம், 12ம் பற்றலாம். பிழை மூன்றிலொரு பங்கு. பத்தாயிரம் பற்றுமிடத்தில் ஆட்டம் நூறு அளவே, நூற்றுக்கு ஒன்று. ஆகவே ஒற்றைக் கம்பியின் புகழைவிட நூறு கம்பிகளின் சராசரி மேலானது. ஆனால் நூறு கம்பிகளும் ஒத்திருக்க வேண்டுமே! காபன் நனோக் குழாய்களை வழக்கமான முறையில் வளர்த்தால் மூன்றிலொன்று உலோகம்போல் நடந்துகொள்ளும். அவை உணரிக்கு உதவா. சிலிக்கனைக் கணினித் தொழிற்சாலை முறையிற் செதுக்கினால் ஒப்புமை கூடும். எஞ்சிய வேறுபாட்டுக்கு, ஒவ்வொரு கம்பியும் தெரிந்த மின்னழுத்தத்துக்கு எவ்வளவு அசைகின்றதென முன்னரே அளந்து, அதனால் வகுத்துத் திருத்துவர்.

இத்துறையில் நான் காணும் குறை ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. எவர் மிகக் குறைந்த செறிவைக் கண்டார் என்பதே ஓட்டப் பந்தயமாக இருந்து வந்திருக்கின்றது. நூறு கருவி செய்ததில் எத்தனை ஒழுங்காக இயங்கின, ஒரு மாதம் அலுமாரியில் வைத்த பின்னர் எத்தனை இயங்கின என்னும் செய்தி பின்னாலே ஒளிந்திருக்கும். சில உரைகளில் அதுவும் இல்லை. 2020இல் கொரிய விஞ்ஞானிகள் கிரபீன் தாளால் ஆன உணரியைக் கொண்டு கொவிட் வைரசின் முட்புரதத்தைக் கண்டறிந்தனர். தூய கரைசலில் மில்லிலீற்றருக்கு ஒரு பெம்ற்றோகிராமையும், நோயாளியின் மாதிரியை ஏந்திச்செல்லும் திரவத்தில் நூறு பெம்ற்றோகிராமையும் கண்டதாக அறிவித்தனர். இரண்டு எண்களையும் சேர்த்தே வெளியிட்ட அவர்களின் நேர்மையைப் பாராட்டுகிறேன். ஆனால் வாசிப்போர் நெஞ்சில் நிற்பது முதலெண். வைத்தியருக்கு வேண்டியது இரண்டாவது.

'ஒரு துளி இரத்தம்' என்னும் கவர்ச்சி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் தெரானோஸ் கம்பனியே சாட்சி. அவர்களுடையது நனோக் கம்பியன்று. ஆசை மட்டும் ஒன்றே. 2003இல் தொடங்கிய அக்கம்பனி, தன் கருவி தந்த ஈராண்டு முடிவுகளை 2016இல் தானே செல்லாதெனத் தள்ளியது. முதலீட்டாளரை ஏமாற்றிய குற்றத்துக்காக அதன் நிறுவுநர் எலிசபெத் ஹோம்ஸ் 2022 சனவரியிற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். அந்த முடிவுகளை நம்பி மருந்துண்டவர் நிலையை நினைத்தால் நெஞ்சு பதறுகின்றது.

பேர்க்வெல்ட் கண்ட திரான்சிற்றர் தோற்றுவிட்டதென எவரும் எண்ணற்க. பீ.எச். அளக்கும் கருவிகளில் அது நெடுங்காலமாக உழைக்கின்றது. 2011இல், அத்தகைய உணரிகளை இலட்சக்கணக்கில் ஒரே தகட்டில் அடுக்கி டீ.என்.ஏ.யின் எழுத்து வரிசையை வாசித்துக் காட்டினர். அங்கே உணரப்படுவது ஐதரசன் அயன். அது மிகச் சிறியது, கம்பிக்கு மிக அருகே வந்து அமர்வது, வேடதாரிகளும் அதிகமில்லை. அன்டிஜனுக்கோ இம்மூன்று வசதியும் இல்லை.

வைத்தியசாலையில் இன்றும் பெரிதும் நம்பப்படுவது எலைசா என்னும் முறை. 1971இல் சுவீடனில் ஏவா எங்வால், பீற்றர் பேர்ள்மன் ஆகியோர் வெளியிட்டது. 96 சிறு குழிகள் கொண்ட தட்டிலே நோயாளிகளின் மாதிரிகளோடு, அன்டிஜன் இல்லையென்று தெரிந்த மாதிரியையும், இவ்வளவு உண்டென்று தெரிந்த மாதிரிகளையும் சேர்த்தே இடுவர். தெரிந்த குழிகள் சரியான நிறங் காட்டினாலன்றித் தெரியாத குழிகளின் விடையை ஏற்பதில்லை. நுண்கம்பித் தகடுகளை இயற்றுவோரும் இப்போது இதையே கைக்கொண்டு, சில கம்பிகளைத் தெரிந்த அளவுகளுக்கென ஒதுக்கிவைக்கின்றனர். எலைசாத் தட்டை ஒரே நோயாளிக்காக ஒவ்வொரு தடவையும் ஓட்டினால், தெரிந்த மாதிரிகளுக்கான குழிகளும் மருந்துப் பொருள்களும் அத்தனை தடவையும் செலவாகும். ஆகையால் போதிய மாதிரிகள் சேரும்வரை ஆய்வுகூடத்தார் காத்திருப்பர். 'நாளைக்கு வாருங்கள்' என்பதில் ஒரு பங்கு அந்தக் காத்திருப்பே.